கப்பல் நிற்கும் நேரத்தில் எபேசு

எபேசு நகரம் அழிந்ததற்கு ஒரு சிற்றாறுதான் முதற்காரணம். கிரேக்கர்கள் கைஸ்த்ரோஸ் என்று அழைத்த அந்த ஆறு நூற்றாண்டு நூற்றாண்டாக வண்டலைக் கொண்டுவந்து சேர்த்தது. ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்துக்கே தலைவாசலாக இருந்த துறைமுகம் தூர்ந்துபோனது. கப்பல் வராத ஊரில் வணிகர்கள் தங்கவில்லை. சதுப்பும் காய்ச்சலும் மிச்சமிருந்தவர்களையும் பெயர்த்தன. இன்று பழைய துறையிலிருந்து கடலைப் பார்க்கச் சுமார் 5 கி.மீ. போக வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கு மறுபடியும் கடல்வழியாகவே கூட்டம் வருகிறது. துருக்கியின் மேற்குக் கரையில், எபேசிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள குஷாடாசி துறைமுகத்தில் சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஒரே காலையில் இரண்டு மூன்று கப்பல்கள் வந்துவிட்டால் ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் கிளம்புகிறார்கள்.

பெரும்பாலான கப்பல்கள் காலையில் வந்து மாலையில் புறப்பட்டுவிடும். இடையில் கிடைப்பது எட்டு அல்லது ஒன்பது மணி நேரம். அதற்குள் கரையிறங்கிப் பழைய இடங்களைப் பார்த்துத் திரும்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கப்பல் நிறுவனமே விற்கும் பேருந்துப் பயணம். மற்றொன்று, உள்ளூர் முகவர் மூலம் தனி வேனும் தனி வழிகாட்டியும் அமர்த்திக்கொள்வது. எது நல்லது என்ற கேள்வியைப் பெரும்பாலும் விலைக் கேள்வியாகவே பேசுகிறார்கள். இது நேரத்தைப் பற்றிய கேள்வி என்றே நான் கருதுகிறேன். பாழடைந்த நகரம் ஒருவிதமான நேரத்தைக் கேட்கிறது. வழிபாடு நடக்கும் இடம் வேறுவிதமான நேரத்தைக் கேட்கிறது. இந்த வேறுபாட்டை மதிக்கிற பயணம் எது என்று பார்த்தால் மற்றவை தாமாகத் தெளிவாகும்.

கப்பலில் வந்து, கரையிறங்கி, புனிதத் தலம் பார்த்துத் திரும்பும் வழக்கம் புதிதும் அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வெனிசிலிருந்து யாப்பா என்ற துறைக்குப் புனிதப் பயணக் கப்பல்கள் ஒழுங்காக ஓடின. கப்பல் தலைவனுடன் முன்கூட்டியே ஒப்பந்தம். சாப்பாடு, வரி, கழுதை வாடகை எல்லாம் அதில் அடக்கம். கரையில் பிரான்சிஸ்கன் துறவிகள் வழிகாட்டிகளாக நின்று எருசலேமைச் சுற்றிக் காட்டினார்கள். உல்ம் நகரத்துத் துறவி பெலிக்ஸ் பாப்ரி 1480இல் அப்படிப் போனார். புனித நாட்டில் அவருக்குக் கிடைத்தவை ஒன்பது நாட்கள் மட்டுமே. விரட்டி விரட்டிக் காட்டியதில் மனம் நிறையாமல், மறுபடி வருவேன் என்று உறுதி எடுத்து 1483இல் இரண்டாம் முறை கிளம்பினார். ஒன்பது நாட்களே போதவில்லை என்று ஒரு துறவி வருந்திய இடத்தில் இன்று ஒன்பது மணி நேரத்தில் பயணத்தை முடிக்கிறோம்.

எபேசுக்கும் இப்படி ஒரு முன்கதை இருக்கிறது. 1867இல் 'குவேக்கர் சிட்டி' என்ற நீராவிக் கப்பலில் அமெரிக்கப் பயணிகள் கூட்டம் ஒன்று மத்தியதரைக் கடலைச் சுற்றியது. அதில் மார்க் ட்வைனும் இருந்தார். கப்பல் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய இஸ்மிரில் நின்றபோது அவர்கள் ரயிலேறி எபேசு பார்க்கப் போனார்கள். சுற்றிப் பார்க்க அறுபது கழுதைகளையும் அதே ரயிலில் ஏற்றிக்கொண்டார்கள். திரும்பும்போது பயணிகள் உடைத்து எடுத்திருந்த கல்துண்டுகளை அரசு அதிகாரி ஒருவர் அவர்களை நிறுத்தி வாங்கிக்கொண்டார். இந்தக் கூட்டத்தைக் கவனிக்கும்படி கான்ஸ்டான்டிநோபிளிலிருந்தே அவருக்கு ஆணை வந்திருந்தது. கப்பல் பயணிகளால் ஓர் இடத்துக்கு வரும் கேட்டை அரசு முன்கூட்டியே உணர்ந்து காவல் வைத்த இந்தச் செய்தி, இன்றைய விவாதங்களுக்கும் பொருந்தும்.

நேரக் கணக்குக்கு வருவோம். கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும். கரையிறங்கும் நெரிசலில் காலையிலும் கொஞ்சம் போகும். குஷாடாசியிலிருந்து எபேசுக்கு வேனில் அரை மணிதான். இந்தத் தூரக் குறைவுதான் எபேசின் பெரிய அதிர்ஷ்டம். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இறங்குபவர் கிசா பிரமிடுகளைப் பார்க்கப் போக மூன்று மணி, வர மூன்று மணி செலவிட வேண்டும். செங்கடலின் சபாகா துறையிலிருந்து லுக்சோர் கோயில்களுக்கும் ஏறத்தாழ அதே கணக்கு. ஜோர்டானின் அகாபாவிலிருந்து பெத்ராவுக்கு இரண்டு மணி. போய்ச் சேர்ந்தபின் பாறைப் பிளவு வழியே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. இந்த நீண்ட பாதைகளில் வண்டி பழுதானாலோ சாலை அடைபட்டாலோ நிலைமை சிக்கலாகிவிடும். அங்கெல்லாம் கப்பல் நிறுவனத்தின் பேருந்தில் போவதே புத்திசாலித்தனம். ஏனெனில் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். இல்லையென்றால் அடுத்த துறைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். தனியாகப் போனவருக்காகக் கப்பல் நிற்காது. சில தனி முகவர்கள், கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைக்குக் கொண்டுசேர்க்கும் செலவு தங்களுடையது என்று எழுத்தில் தருகிறார்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்தபிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

கடிகாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. துருக்கி 2016 முதல் கோடைக்கு ஒரு நேரம், குளிர்காலத்துக்கு ஒரு நேரம் என்று மாற்றுவதை விட்டுவிட்டது. கிரேக்கம் இன்னும் மாற்றுகிறது. கோடையில் இரு நாடுகளுக்கும் ஒரே நேரம். அக்டோபர் இறுதியிலிருந்து மார்ச் இறுதிவரை ஒரு மணி நேர வித்தியாசம். கிரேக்கத் தீவுகளிலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமலேயே குஷாடாசியில் நிற்கக்கூடும். கைபேசி காட்டுவது கரை நேரம், கப்பல் புறப்படுவது கப்பல் நேரம். ஓட்டுநரிடமும் வழிகாட்டியிடமும் எந்த நேரத்தைச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

எபேசுக்குள் பெரும்பாலானோர் மேல்வாசலில் நுழைந்து, சரிவில் இறங்கி, துறைமுகப் பக்கமுள்ள கீழ்வாசலில் வெளியேறுகிறார்கள். வண்டி சுற்றிவந்து அங்கே காத்திருக்கும். பளிங்கு பாவிய தெரு, ஈரப்பட்டால் வழுக்கும். பேருந்துக் கூட்டம் நாற்பது பேராகக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வழிகாட்டி உயர்த்திப் பிடித்த பலகையைப் பின்தொடரும். செல்சுஸ் நூலகத்தின் முன் நின்று படம் எடுக்கும். பிறகு திரையரங்கு, அதன்பின் வெளிவாசல். நூலகம் அழகானதுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிய மாகாணத்தின் ஆளுநராயிருந்த செல்சுஸ் நினைவாக அவர் மகன் அக்குவிலா எழுப்பியது. தந்தையின் உடல் கட்டடத்தின் அடியிலேயே கற்பேழையில் வைக்கப்பட்டது. ஆனால் இன்று நாம் பார்க்கும் முகப்பு 1970களில் ஆஸ்திரிய அறிஞர்கள் சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்து மறுபடி நிறுத்தியது. இதைச் சொல்லாமல் விடும் வழிகாட்டி, பார்ப்பவருக்கு அரைகுறையான நூலகத்தைத்தான் காட்டுகிறார்.

நல்ல வழிகாட்டி இன்னொன்றையும் சொல்வார். என்னைப் பொறுத்தவரை எபேசின் உயிர் அதில்தான் இருக்கிறது. இஸ்மிர் ரயில்பாதைக்கு நிலையங்கள் வரைந்துகொண்டிருந்த ஜான் டர்ட்டில் வுட் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆதரவில் 1863 முதல் ஆர்த்தெமிஸ் கோயிலைத் தேடித் தோண்டினார். உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. இருந்த இடமே தெரியவில்லை. திரையரங்கில் கிடைத்த நீண்ட கல்வெட்டு ஒன்று வழி திறந்தது. கி.பி. 104இல் விபியுஸ் சலுத்தாரிஸ் என்ற செல்வர் நிறுவிய அறக்கட்டளை அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆர்த்தெமிஸின் பொன் வெள்ளிப் படிமங்களைக் கோயிலிலிருந்து எடுத்து, மக்னீசியா வாசல் வழியாக ஊருக்குள் கொண்டுவந்து, திரையரங்கில் வைத்து, வேறொரு வாசல் வழியாகக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பது ஏற்பாடு. நம்மூரில் உற்சவமூர்த்தி நான்கு வீதி சுற்றி நிலைக்குத் திரும்புவதை அறிந்த எவருக்கும் இதை விளக்கவே தேவையில்லை. வுட் அந்த ஊர்வலப் பாதையைத் தேடிப் பிடித்து அதன்வழியே தோண்டிக்கொண்டு போனார். 1869 டிசம்பர் 31 அன்று, சுமார் 20 அடி வண்டலுக்குக் கீழே கோயிலின் தளம் தட்டுப்பட்டது. இன்றைய பயணி மேல்வாசலிலிருந்து திரையரங்குவரை இறங்குவதும் பெரும்பாலும் அந்தச் சாமி ஊர்வலம் போன வழிதான். இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவருக்கு அந்தச் சரிவு ஒரு வீதியாக மாறிவிடுகிறது.

திரையரங்கின் வாசலில் நிற்கும்போது அப்போஸ்தலர் நடபடிகளின் 19ஆம் அதிகாரத்தை நினைக்காமல் தமிழ்க் கிறிஸ்தவர் யாரும் நகர மாட்டார்கள். பவுலின் போதனையால் ஆர்த்தெமிஸின் வெள்ளிக் கோயில் பொம்மைகளுக்கு விற்பனை குறையும் என்று தெமேத்திரியு என்ற தட்டான் கிளப்பிய கலகம் இங்கேதான் கூடியது. சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கு அது. புனிதத் தலத்தைச் சுற்றி வாழும் நினைவுப்பொருள் வணிகம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பேருந்துக் கூட்டம் பொதுவாகத் தொடாத இரண்டு இடங்களைத் தனி வழிகாட்டியிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, சரிவில் கூரைவேய்ந்து காக்கப்படும் மாடி வீடுகள். தனி டிக்கெட் வேண்டும். சுவரோவியமும் கல்லோவியத் தளமுமாக அந்தக் காலத்துச் செல்வர் வீட்டு அறைகளுக்குள்ளேயே போகலாம். மற்றொன்று, கீழ்வாசலுக்கு அருகே ஒதுங்கிக் கிடக்கும் மரியாள் தேவாலய இடிபாடு. கி.பி. 431இல் கூடிய எபேசுத் திருச்சங்கத்தோடு இணைத்துப் பேசப்படும் இடம் இது. மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைக்கலாமா என்ற விவாதத்தில் கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ் தோற்றுப் பதவி இழந்தது அந்தச் சங்கத்தில்தான். அந்த முடிவைப் பாரசீகத் திருச்சபை ஏற்கவில்லை. அதே திருச்சபையின் தொடர்பால் வந்த பஹ்லவி எழுத்துச் சிலுவை நம் சென்னைப் பரங்கிமலைத் தேவாலயத்தில் இருக்கிறது. எபேசின் இந்த மூலையில் பத்து நிமிடம் நிற்கத் தமிழருக்கு இது போதிய காரணம். பெரும்பாலானோர் அதைக் கடந்து பேருந்துக்குப் போய்விடுகிறார்கள்.

வழிகாட்டி எதைச் சொல்லக் கூடாது என்பதும் முக்கியம். பளிங்குத் தெருவில் ஒரு பாதமும் பெண்ணுருவும் கீறிய கல் இருக்கிறது. அதைக் காட்டி, உலகின் முதல் விபசார விளம்பரம் என்றும், நூலகத்திலிருந்து எதிரே இருந்த விபசார விடுதிக்குச் சுரங்கப்பாதை இருந்தது என்றும் தினமும் பல மொழிகளில் சொல்கிறார்கள். உறுதியான சான்று எதுவும் இல்லை. கூட்டம் சிரிக்கும் என்பதற்காக ஒரு பேரூரின் நினைவை இப்படிச் சிறுமைப்படுத்துவது எனக்கு வேதனை தருகிறது.

இடிபாடுகளைப் பொறுத்தவரை, அறிந்து பேசும் ஒருவர் கூட இருந்தால் இரண்டரை மணி நேரத்தில் நிறையப் பெறலாம். கல் அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளும். வழிபாட்டிடம் பொறுக்காது. எபேசுக்குப் பக்கத்திலுள்ள செல்சுக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் மலையேறினால் மேரியம் அனா, மரியன்னையின் இல்லம் என்று வணங்கப்படும் சிறு கல்வீடு. படுக்கையிலேயே வாழ்ந்த ஜெர்மன் துறவி அன்னா கத்தரீனா எம்மெரிக் எபேசைப் பார்த்ததே இல்லை. அவர் கண்ட காட்சிகளைக் கவிஞர் பிரெண்டானோ எழுதிவைத்தார். அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு 1881இல் ஒரு பிரெஞ்சுக் குருவும், 1891இல் இஸ்மிரிலிருந்து வந்த லாசரிஸ்த் துறவிகளும் மலையில் தேடி இந்த இடத்தைக் கண்டார்கள். திருச்சபை இதன் உண்மையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. மரியாள் எருசலேமில்தான் இறந்தார் என்ற மரபும் வலுவானது. ஆயினும் 1967இல் ஆறாம் பவுல், 1979இல் இரண்டாம் யோவான் பவுல், 2006இல் பதினாறாம் பெனடிக்ட் ஆகிய திருத்தந்தையர் இங்கே வந்தார்கள். குர்ஆன் போற்றும் பெண் என்பதால் முஸ்லிம்களும் வேண்டுதலோடு வருகிறார்கள். கீழே ஊற்றுநீர்க் குழாய்கள்; பக்கத்துச் சுவர் முழுக்க வேண்டுதல் எழுதிக் கட்டிய காகிதமும் துணியும்.

உள்ளே ஒரு சிறிய அறைதான். படம் எடுக்க அனுமதி இல்லை. கப்பல் நாட்களில் வரிசை வெளியே நீண்டு, உள்ளே நுழைந்தவர் மெழுகுதிரி வாங்கவும் மண்டியிடவும் நேரமின்றி மறுவாசல் வழியே தள்ளப்படுவார். வேண்டுதல் வைத்து வந்தவருக்கு இதைவிட ஏமாற்றம் இல்லை. தனிப் பயணத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. பேருந்துகள் எபேசில் இருக்கும்போது நாம் மலையில் இருக்கலாம். அவை மலையேறும்போது நாம் இறங்கலாம். வாசல்வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, உள்ளே வராமல் மரத்தடியில் காத்திருக்கும் வழிகாட்டியே இங்கே தேவை. பூசையில் கலந்துகொள்ள விரும்புகிறவர் நேரத்தை முன்பே கேட்டு, அதை நடுவில் வைத்து மற்றவற்றை அமைத்துக்கொள்ள வேண்டும்.

மலையடிவாரத்தில் ஆர்த்தெமிஸ் கோயில் இருந்த பள்ளத்தில் இன்று நிற்பது துண்டுகளை அடுக்கி எழுப்பிய ஒரே ஒரு தூண். அதற்கு அப்பால் 1375ஆம் ஆண்டின் ஈசா பே பள்ளிவாசல். அதற்கும் மேலே குன்றில் அப்போஸ்தலர் யோவானின் கல்லறை என நம்பப்படும் இடத்தில் பேரரசர் யுஸ்தினியன் கட்டிய பெருந்தேவாலயத்தின் இடிபாடு. பள்ளிவாசலின் தூண்களில் சில எபேசிலிருந்து வந்தவை. மூன்று மதங்களும் ஒரே பார்வைக்குள் அடங்கும் இந்த இடத்தில் பேருந்து பெரும்பாலும் நிற்பதில்லை. கால்மணி நேரம் போதும். பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதிருப்பது மரியாதை. தோளும் முழங்காலும் மூடிய உடையை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

இனி வழிகாட்டித் தொழில். துருக்கியில் வழிகாட்டியாக இருக்க அரசு உரிமம் கட்டாயம்; 2012ஆம் ஆண்டின் 6326ஆம் எண் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும். பயணம் நடத்தும் முகவர் நிலையத்துக்கும் தனி உரிமம் உண்டு. துறைமுக வாசலில் 'குறைந்த விலை' என்று அழைக்கும் ஓட்டுநருக்கு இந்த இரண்டும் இருப்பதில்லை. எபேசின் உள்ளே அவர் ஒரு சொல்லும் பேசக் கூடாது.

பயணத்தின் கடைசி மணி நேரத்தைக் கம்பளக் கடையும் தோல் ஆடைக் கடையும் விழுங்குவது இந்தத் தொழிலின் பழைய நோய். ஆப்பிள் தேநீரும் நெசவு விளக்கமும் இலவசமாகக் கிடைக்கும். விற்பனையில் ஒரு பங்கு கமிஷனாக வழிகாட்டிக்கும் முகவருக்கும் போகும். பயணக் கட்டணம் நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் மிச்சத்தை அந்தக் கடைதான் கட்டுகிறது. கம்பளம் பார்க்க ஆசைப்படுகிறவர் தாராளமாகப் பார்க்கட்டும், நெசவு ஒரு பெருங்கலை. ஆனால் மரியன்னை இல்லத்தில் இரண்டு நிமிடம், கடையில் ஒரு மணி நேரம் என்று அமைந்த பயணத்தைப் புனிதப் பயணம் என்று விற்பது அநியாயம். தனிப் பயணம் பேசும்போதே 'கடை வேண்டாம்' என்று எழுதி வாங்கிவிட்டால் வழிகாட்டிக்கு நியாயமான கூலியைத் தரவும் நாம் தயாராக இருக்க வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வேன் எடுத்தால் தலைக்கு விழும் செலவு பேருந்துக் கட்டணத்தை நெருங்கிவிடும். இரண்டே பேராகப் போனால் கூடுதலாகவே ஆகும்.

தனி வேன்கள் பெருகினால் கூட்டம் குறைந்துவிடுமா? குறையாது. அதே ஆயிரம் பேர் வெவ்வேறு வண்டிகளில் வருவார்கள், அவ்வளவுதான். இதைப் பயணிகளின் நல்லெண்ணத்துக்கு விட முடியாது. ஏதென்சின் அக்ரோபோலிசில் 2023 செப்டம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பும் மணிவாரி நுழைவும் வந்தன. பொம்பேயியும் 2024 நவம்பரில் அதே எண்ணிக்கையை வரம்பாக வைத்தது. 2015 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள எபேசுக்கும் கப்பல் அட்டவணையோடு இணைந்த மணிவாரி நுழைவு வர வேண்டும் என்பது என் கருத்து. அப்படி வந்தால் காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே எல்லோரும் நூலகத்தின் முன் நெருக்கியடிப்பது குறையும். செல்சுக் ஊருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். கப்பலிலேயே சாப்பிட்டு, கப்பலிலேயே தூங்கும் பயணி ஊரில் விடுவது மிகக் கொஞ்சம். தனி வேனில் போகிறவர் மதிய உணவைச் செல்சுக்கின் சிறு உணவகம் ஒன்றில் சாப்பிட்டு, எபேசு அருங்காட்சியகத்தில் ஆர்த்தெமிஸின் சிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஊருக்கும் நன்மை, தனக்கும் நன்மை.

எபேசில் கற்பதை நம் கரையில் வைத்தும் பார்க்கலாம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுக் கப்பல் பயணிகளுக்கு மாமல்லபுரமும் காஞ்சிபுரமும் வழக்கமாகக் காட்டப்படுகின்றன. ஒன்று பல்லவர் கல்லில் செதுக்கிவைத்த தொல்லிடம். பகல் முழுவதும் பார்க்கலாம். மற்றொன்று பூசை நடக்கும் கோயில் நகரம். காஞ்சிக் கோயில்களில் பெரும்பாலானவை நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணி அளவில்தான் திறக்கும். துறைமுகத்திலிருந்து காஞ்சி சுமார் 75 கி.மீ.; காலை நெரிசலில் இரண்டு மணிக்கும் மேலாகும். எட்டு மணிக்குக் கரையிறங்கி முதலில் மாமல்லபுரம் போன கூட்டம் காஞ்சியில் சாத்திய கதவைத்தான் பார்க்கும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் ஆறு மணி நேரம் சாலையிலேயே போகும். வழிகாட்டி முந்தின நாளே பயணியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கல்லைப் பார்க்க வந்தீர்களா, கோயிலைப் பார்க்க வந்தீர்களா? கோயில் என்றால் விடிந்ததும் நேராகக் காஞ்சிக்குப் போய், உச்சிக்காலப் பூசைக்கு முன்பே ஏகாம்பரநாதர் கோயிலில் நிற்க வேண்டும். கருவறைவரை எல்லோரும் போக முடியாது என்பதையும் அங்கே வாசலில் அல்ல, கப்பலிலேயே சொல்லிவிட வேண்டும். கல் என்றால் மாமல்லபுரம் மட்டும் போதும். அர்ச்சுனன் தவம் என்று சொல்லப்படும் அந்தப் பாறையின் முன் மட்டுமே ஒரு மணி நேரம் நிற்கலாம்.